நான் பிரித்த கோட்டைச் சுவர்

பிள்ளைகளா, இருபத்தாறு வயது வரைக்கும் 'தெரியாது' என்ற சொல் என் வாயில் வந்ததே இல்லை. யாராவது வழி கேட்டால், கேள்விப்படாத ஊருக்கும் கையைக் காட்டி அனுப்பிவிடுவேன். (பாவம், எத்தனை பேர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்களோ!)

தொண்ணூறுகளில் நடந்தது இது. வள்ளியூரில் ஒரு உரக்கடையில் வேலை பார்த்தேன். மாப்பிள்ளை வீடு பார்ப்பதற்காக உங்கள் அம்மாவின் அப்பா, அதாவது உங்கள் தாத்தா, சேரன்மகாதேவியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்திருந்தார். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவர். செம்மண்ணையும் பனைமரங்களையும் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது.

"எம் மவ ஆத்தங்கரையில வளந்த பிள்ளை. இங்கன குளிக்கதுக்கே குடத்தோட அலையணும் போலிருக்கே. உங்க ஊர்ல என்னதான் வே இருக்கு?" என்று என் சித்தப்பாவிடம் கேட்டார்.

சம்பந்தம் கைநழுவுவது எனக்கே தெரிந்தது. "கோட்டை இருக்கு மாமா!" என்றேன்.

ஊருக்குப் பின்னால் ஒரு குன்று. அதன் உச்சியில் இடிந்த சுவர்களும் பாதி தூர்ந்த சுனையும் உண்டு. பாண்டியர் கட்டியது என்பார்கள், சேரர் என்பார்கள், பாளையக்காரர் என்பார்கள். உறுதியாக ஒருவருக்கும் தெரியாது.

தாத்தா என்னோடும் சித்தப்பாவோடும் மூச்சு வாங்க ஏறி வந்து, "யாரு தம்பி கட்டுனது?" என்றார்.

"பாண்டியர்!" என்றேன், பக்கத்தில் நின்று பார்த்தவன் போல.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்தச் சுனையிலதான் ராணி குளிச்சா. இந்தப் பாறையிலதான் ராசா உக்காந்தாரு" என்று போய்க்கொண்டே இருந்தேன். சித்தப்பா கண்ணைக் காட்டினார். நான் எங்கே பார்த்தேன்?

சரிவில் நெஞ்சளவு உயரத்தில் வட்டமாக ஒரு சுவர், ஒரு கல்கூட விழாமல் நின்றது. (மேலே பனையோலை கிடந்தது. காற்றில் வந்து விழுந்திருக்கும் என்று நானே முடிவு கட்டினேன்.)

"இது ராசாவோட கஜானா மாமா. சாந்து கிடையாது, வெறும் கல் அடுக்கு. ஆயிரம் வருசமா அசையலை, பாருங்க!" என்று ஒரு கல்லைப் பிடித்து ஓங்கி இழுத்தேன்.

கஜானா என் காலடியில் சரிந்தது. உள்ளேயிருந்து "மே!" என்று ஒரு சத்தம். அடுத்த நொடி இருபது ஆட்டுக்குட்டிகள் துள்ளிக்கொண்டு நாலா பக்கமும் பறந்தன.

கீழே தாய் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி, தொரட்டிக் கம்போடு ஓடி வந்தாள்.

"ஏ பாவி, ஆட்டுப் பட்டிய ஏம்யா பிரிச்ச?"

"இல்லக்கா, இது பாண்டியர் காலத்து..."

"எந்தப் பாண்டியரு? போன மாசம் நானும் எங்க வீட்டுக்காரரும் அடுக்குனது! குட்டியப் பிடி மொதல்ல!"

ஓடினேன். கஞ்சி போட்ட வேட்டி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. ஒன்றைப் பிடித்தால் ஏற்கெனவே பிடித்தது நழுவியது. எல்லாம் போச்சு என்று திரும்பிப் பார்க்கிறேன், உங்கள் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கக்கத்திலும் இரண்டு குட்டியோடு வருகிறார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர்.

மதியம் வரை நானும் தாத்தாவும் சித்தப்பாவும் பட்டியை மறுபடி அடுக்கினோம். கடைசிக் கல்லை வைத்ததும் அவர் கேட்டார்: "இப்பம் சொல்லும் மாப்ள, மேல இருக்க கோட்டையை யாரு கட்டுனது?"

"சத்தியமாத் தெரியாது மாமா."

"சரிதான்! தண்ணிக்குப் பஞ்சம்னாலும் எம் மவளுக்குச் சிரிப்புக்குப் பஞ்சம் வராது" என்றவர், சித்தப்பா பக்கம் திரும்பி, "நாள் பாரும் வே" என்றார்.

கோட்டையை யார் கட்டியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் போன மாதம் நம் வீட்டில் குளியலறைச் சுவர் எழுப்பியபோது, நான் சும்மா பார்க்கத்தான் பக்கத்தில் போனேன். உங்கள் அம்மா கொத்தனாரிடம் சொன்னாள்: "அண்ணாச்சி, ஈரம் காயுத வரைக்கும் இவுகள கிட்ட விடாதீய. பாண்டியர் சுவருன்னு இழுத்துப் பாப்பாக."

கொத்தனார் சிரிக்கவில்லை. சுவரைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்.