கழுத்துச் சீட்டும் பன்னிரண்டு மூட்டைச் சிவப்பும்

அன்று மதியம் தறிக்கூடத்தில் இருந்தவர்கள் நான்கே பேர். தறி முதலாளி அண்ணாச்சி. துண்டுகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிப்போடும் என் அண்ணன் மனைவி செல்வக்கனி மதினி. மதுரையிலிருந்து வந்த லாரி டிரைவர். அப்புறம் நான். நெசவாளர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். (ஆறு தறிகளும் இருந்தன. வாய் இருந்தால் அவையும் என்னைத் திட்டியிருக்கும்.)

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செல்போன் ரிப்பேர் பார்த்துக்கொண்டே, வீடியோக்களைப் பார்த்து ஆப் எழுதக் கற்றுக்கொண்டேன். பயப்படுவதற்கு மட்டும் எந்த வீடியோவும் தேவைப்படவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ரகம்.

அண்ணாச்சிக்கு நூல் கொடுக்கும் மதுரை டிப்போ, இனி ஆர்டரை போனிலிருந்தே அனுப்பலாம் என்றது. ஆனால் எக்ஸ்எம்எல் என்கிற வடிவத்தில் கேட்டால்தான் அவர்கள் கம்ப்யூட்டர் காது கொடுக்கும். அப்படிக் கேட்கிற ஆப்பை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

எக்ஸ்எம்எல் ஒன்றும் பூதமில்லை. மூட்டை மாதிரிதான். தொடக்கத்தில் ஒரு பெயர், முடிவில் அதே பெயர், நடுவில் சரக்கு. இது எலிமெண்ட். சரக்கைப் பற்றிய விவரத்தைத் தொடக்கப் பெயரோடு ஒட்டி எழுதினால் அது ஆட்ரிபியூட். டிப்போ கேட்டதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

<அளவு அலகு="கிலோ">12</அளவு>

நான் அனுப்பியது இது:

<அளவு>12</அளவு><அலகு>கிலோ</அலகு>

ஏன் அப்படிச் செய்தேன்? பயம்தான். துண்டுக் கட்டின் கழுத்தில் கட்டுகிற சீட்டு லாரி மாற்றும்போது அறுந்துவிடும், மழையில் கரைந்துவிடும். சீட்டு இல்லாத கட்டுகள் ஊர் ஊராகச் சுற்றியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெளியே தொங்குகிற எதையும் நம்புவதில்லை. அதனால் ‘கிலோ’வைப் பத்திரமாகத் தனி மூட்டையாகக் கட்டி உள்ளே வைத்துவிட்டேன். (சிக்னலில் போகிற சீட்டு மழையில் நனையாது என்று என் மூளைக்கு எட்டவில்லை.)

முதல் ஆர்டர், சாம்பிள் துண்டின் கரைக்காகப் பன்னிரண்டு கிலோ சிவப்பு நூல். டவர் கிடைக்காமல் போய்விடுமோ என்று மொட்டை மாடியில் ஏறி நின்று அனுப்பினேன். ‘ஏற்கப்பட்டது: 12’ என்று பதில் வந்தது. அந்தப் பன்னிரண்டைப் பதினான்கு தடவை சரிபார்த்தேன். பன்னிரண்டு என்ன என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் லாரி வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

“அண்ணாச்சி, பன்னெண்டு மூட்டை. எங்கன இறக்கணும்?” என்றார் டிரைவர்.

“மூட்டையா? ஏலே, நீ என்னத்தலே கேட்ட?”

“கிலோதான் அண்ணாச்சி கேட்டேன். சத்தியமா கேட்டேன்.”

“பன்னெண்டு கிலோவ சைக்கிள்ல வச்சுக் கொண்டாரலாம். இங்க லாரில்லா நிக்கி!”

டிப்போவுக்கு போன் போட்டேன். ‘அளவுக்கு அலகு ஒட்டாமல் வந்தால் மூட்டை என்றே எடுத்துக்கொள்ளும், நாங்கள் கொடுத்த தாளிலேயே இருக்கிறது’ என்றார்கள். சாயம் போட்ட நூலைத் திரும்ப எடுப்பதும் இல்லையாம். அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த முதல் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. இனி வெள்ளை நூல் வாங்க வழியில்லை. வெள்ளை இல்லாவிட்டால் ஆறு தறியும் நிற்கும். நான் தூத்துக்குடி பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மதினி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் போனை எட்டிப் பார்த்தாள். “என்ன எழுதுனீங்கன்னு சொல்லுங்க, கொழுந்தனாரே.” சொன்னேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் ஒரே மூச்சில் சொன்னாள்:

“கழுத்துச் சீட்டு இறக்குதவனுக்கு. உள்ள வைக்கது பிரிக்கதவனுக்கு. இறக்குதவன் எதுக்கு உங்க மூட்டையைப் பிரிச்சுப் பாக்கப் போறான்?”

நாலு நாளாக வீடியோக்கள் எனக்குப் புரியவைக்க முடியாததை, ஒரு புதுச் சீட்டையும் சணலையும் எடுத்து அங்கேயே ஒரு மூட்டைக் கழுத்தில் கட்டிக் காட்டினாள். அப்படியே அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

“கரை எதுக்கு அண்ணாச்சி? முழுத் துண்டையும் சிவப்பாவே ஓட்டுங்க. ஆடி வருதுல்லா. ராயகிரிலேருந்து பனவடலிசத்திரம் வரைக்கும் அம்மன் கோயில் இல்லாத ஊரு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.”

அண்ணாச்சி தலையிலிருந்து கையை எடுத்தார். அந்த ஆடியில் ஆறு தறியும் சிவப்பாகவே ஓடின. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்பே துண்டுகள் தீர்ந்துபோயின. நெசவாளர்களின் விரல் மட்டும் ஆவணிவரை சிவப்பாக இருந்தது. (என் முகம் கார்த்திகைவரை.)

அன்று சாயங்காலமே மதினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆப்பைத் திருத்தினேன். ஆட்ரிபியூட் சேர்க்க ஒரே ஒரு வரிதான். அதையும் ‘அளவு’ மேல் கட்ட வேண்டும், பக்கத்து மூட்டை மேல் கட்டக் கூடாது.

“கட்டியாச்சா?”

“கட்டியாச்சு மதினி.”

“இழுத்துப் பாருங்க.”

அனுப்பிப் பார்த்தேன். ‘ஏற்கப்பட்டது: 1 கிலோ’ என்று வந்தது. இன்றுவரை எந்த ஆப்பையும் இழுத்துப் பார்க்காமல் நான் கொடுப்பதில்லை.

என் கல்யாணத்தன்று கழுத்தில் போட்ட மாலைக்குள் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் சணலில் கட்டிய சீட்டு. ‘மாப்பிள்ளை, 1. அலகு: ஆள். மூட்டை அல்ல.’ மேடையிலேயே என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டாள். அன்றிலிருந்து கடைக்குப் போகும்போதெல்லாம் “ரெண்டு வாங்கிட்டு வாரேன்” என்று சொன்னால் போதும், வீடே சேர்ந்து “ரெண்டு என்ன?” என்று கேட்கும்.

பாடம் நடத்தியபோது கட்டிக் காட்டிய அந்தச் சீட்டுக்கும் சணலுக்கும் மதினி அன்றே விலை போட்டிருந்தாள். கொடுக்கப் போகும்போதெல்லாம், “கெடக்கட்டும், நான் சொல்லிக்காட்ட வேண்டாமா?” என்று கையைத் தட்டிவிடுகிறாள். எனவே அவளுக்கு நான் தரவேண்டிய பாக்கி, 3.

அலகு: ரூபாய்.