கிருமிகளுக்குப் பத்து நாள் அவகாசம்

வேங்கிக்கால் ஜினதாசன் வீட்டுக் கூடத்தில் நடந்த விசாரணைக்கு இணையான மருத்துவப் பேரவை உலகில் எங்கும் கூடியதில்லை. வந்திருந்தோர்: தலைவராக ஓய்வுபெற்ற தாசில்தார் ஜினதாசன், அவர் மனைவி குசுமாவதி, மகன் அபிநந்தன், 'நிபுணர்' என்ற முறையில் மருந்துக்கடை ரியாசுதீன். ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் ஸ்வேதாவும் இருந்தாள். விவாதம் அவள் வாயைப் பற்றியது என்பதால் அவளைப் பேச அழைக்கவில்லை.

அவளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. பல் டாக்டரம்மா கொப்பளிக்க ஒரு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்.

ஜினதாசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீசாவைப் படித்தார்.

"'கிருமிகளைக் கொல்லும்'னு போட்டிருக்கு!"

எறும்புக்கும் வழிவிட்டு நடந்த ஏழு தலைமுறைச் சமண முன்னோரும் அவர் முதுகெலும்பில் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"வாரிசு வயித்துல இருக்கிறப்போ, என் வீட்டுல கொலையா?"

"ஐயா, மாசமா இருக்காங்கன்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்காங்க," என்றார் ரியாசுதீன். "சாராயம் கலக்காத மருந்து. கொப்பளிச்சுத் துப்பிட்டா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. பால் கொடுக்கிறப்பவும் பயமில்லைன்னாங்க."

"குழந்தைக்கு ஆகாது. கிருமிக்கு?"

"மாசாமாசம் எங்கிட்ட பினாயில் வாங்கறீங்களே?"

"அது வாசனைக்கு."

"போன மாசம் ஜுரத்துக்கு மாத்திரை போட்டீங்களே?" என்றாள் குசுமாவதி.

"அது டாக்டர் செஞ்ச பாவம். நான் முழுங்கினேன், அவ்ளோதான்."

"அப்பா, உப்புத் தண்ணி?" என்றான் அபிநந்தன்.

"உப்புல மட்டும் கிருமி உசுரோட இருக்குமா?"

ஸ்வேதா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மாமா, ரெண்டு நாளா கஞ்சிகூட இறங்கலை. உள்ள இருக்கிறது பட்டினி கெடக்குது."

"பொறுத்துக்கம்மா. நம்ம வீட்டு மானம் இதுல இருக்கு."

தாசில்தார் பதவியில் ஏரிக்கரை ஆக்கிரமிப்பாளர்களுக்கே நோட்டீஸ் கொடுத்துத்தான் அகற்றியவர் அவர். கிருமிகளுக்கு மட்டும் அநியாயம் செய்வாரா? 'மேற்படி ஈறுகளில் குடியிருப்போர் பத்து நாள்களுக்குள் தாமாகக் காலி செய்ய வேண்டியது' என்று உத்தரவிட்டார். ஆட்சேபணை எதுவும் வரவில்லை. ரியாசுதீன் எழுந்து போய்விட்டிருந்தார்.

குடியிருந்தோர் அரசு நடைமுறை அறிந்தவர்கள். யாரும் காலி செய்யவில்லை. ஒன்பதாம் நாள் ஸ்வேதாவின் முகம் ஒரு பக்கம் வீங்கி, ஜுரம் ஏறிற்று. டாக்டரம்மா சீழை எடுத்தார், கூடவே இரண்டு பல்லைப் பிடுங்கினார். "நான் கொடுத்த மருந்து என்னாச்சு?" என்று அவர் கேட்டபோது, மானம் காத்த குடும்பம் வரிசையாகத் தரையைப் பார்த்தது.

அந்த மருந்துதான் மருமகளின் பல்லைத் தின்றதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். சீசா சீல் உடையாமல் பீரோவுக்குள் இருக்கிறது. சாவி ஜினதாசன் இடுப்பில்.