விடுப்புக்கு ஒரு பெட்டி மஞ்சூ

மிசுகாமி நகராட்சியின் சுற்றுலாப் பிரிவில் விடுப்பு எடுக்கத் தடை ஏதும் கிடையாது. எடுத்தவர், போன ஊரின் பேர்பெற்ற பலகாரத்தில் ஒரு பெட்டி வாங்கி வந்து, மேசைக்கு ஒன்றாக வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் மீறுவதற்கு வழி இருந்திருக்கும்.

மூன்று நாள் விடுப்பு முடிந்து திங்கட்கிழமை காலை இசோபே உள்ளே வந்தபோது, யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார்கள். கையில் குடை மட்டும் இருந்தது. பலகாரத்தோடு குடிப்பதற்குத் தேநீர் தயாரிக்க முனைந்திருந்த மூத்த எழுத்தர் தோதோரோகி அம்மாள், வெந்நீர்க் கெண்டியின் சுவிட்சை அணைத்தார்.

பிரிவுத் தலைவர் குராமோச்சி கனிவாகவே கேட்டார். "எந்த ஊருக்குப் போயிருந்தீங்க?"

"ஊருக்கெல்லாம் போகலைங்க. வீட்டுக்காரிக்குப் பித்தப்பையில கல்லு. ஆபரேஷன். நம்ம நகராட்சி ஆஸ்பத்திரியில கூடவே இருந்தேன்."

"உள்ளூரா?" தலைவரின் முகம் வாடியது. "டோக்கியோவுல செஞ்சிருக்கலாமே. அங்க ரயில் நிலையத்துலயே நல்ல நல்ல பலகாரம் கிடைக்கும்."

"கல்லு அதுவரைக்கும் காத்திருக்காதுங்க."

"அந்தக் கல்லையாவது கொண்டு வந்திருக்கலாம்" என்றார் தோதோரோகி அம்மாள். "இப்படி வெறுங்கையோடவா வருவாங்க?"

இசோபேக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி ஷினோபுவை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தையல் போட்ட வயிற்றோடு அவள் தனியாக மூட்டை தூக்கி வரக்கூடாது. அன்றைக்கும் விடுப்பு வேண்டும் என்று கேட்டார்.

"போன விடுப்பே இன்னும் இனிப்பைக் காணாம நிக்குது" என்றார் தலைவர். "அதைத் தீர்க்காம அடுத்ததை எப்படிக் குடுக்கிறது?"

மதிய இடைவேளையில் இசோபே எதிர்க்கடைக்கு ஓடினார். அக்ரூட் பருப்பும் பயற்றுப் பூரணமும் வைத்து அவித்த மஞ்சூ ஒரு பெட்டி வாங்கி வந்தார். மிசுகாமியின் புகழே அந்த மஞ்சூதான். அதை நாடெங்கும் பரப்பத்தான் அந்தப் பிரிவுக்கே சம்பளம். தலைவரின் தலைக்கு மேலே சுவரொட்டி தொங்கியது: 'ஒருமுறை கடித்தால் ஆயுளுக்கும் மறவாது.' வாசகம் தலைவரே இயற்றியது.

அவர் பெட்டியைத் தொடவில்லை. "இது நம்ம மஞ்சூ ஆச்சே."

"ஆமாங்க. ரொம்ப நல்லாயிருக்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"அது வெளியூர்க்காரங்களுக்கு எழுதினது. நான் எங்க தின்னேன்?"

மேற்படி பொருள் குறித்து அன்று மாலை கூட்டம் கூடியது. வேலை முடிந்ததும் ரயிலேறிப் போய் வாங்கி வருவதாக இசோபே கெஞ்சினார். அது வேலை முடிந்தபின் போன பயணத்தின் பலகாரமாகுமே தவிர விடுப்பின் பலகாரமாகாது என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஆகவே பலகாரம் வாங்கும் பொருட்டு அவருக்கு மறுநாளே சிறப்பு விடுப்பு வழங்கப்பட்டது. மனைவிக்காகக் கெஞ்சியும் கிடைக்காதது, மஞ்சூவுக்காகக் கேட்காமலே கிடைத்தது. இந்தச் சிறப்பு விடுப்புக்கும் தனியே ஒரு பெட்டி உண்டு என்பதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்கூட்டியே மற்றொன்று.

இசோபே ரயிலில் இரண்டு மணி நேரம், பஸ்ஸில் ஒரு மணி நேரம் போய், மலைமேல் வெந்நீரூற்று ஊரில் இறங்கி, 'பனிமலை மஞ்சூ' மூன்று பெட்டி வாங்கினார். திரும்பும்போது பொழுதுபோகாமல் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தார். தயாரிப்பு: மிசுகாமி. நகராட்சி அலுவலகத்தின் பின்சந்தில் இருக்கிற பட்டறைதான். அதன் ஆவி தினமும் அவர் மேசைவரை வரும்.

புதன்கிழமை காலை கெண்டி கொதித்தது. எல்லோரும் தின்றார்கள்.

"மலைத் தண்ணி ருசி அப்படியே இறங்கியிருக்கு பாருங்க!" என்றார் தலைவர். "நம்ம ஊர்ல எவனுக்கு இப்படிக் கை வரும்?"

கூச்சக்காரரான இசோபேக்கும் அதற்கு மேல் பொறுக்கவில்லை. பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

தலைவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"அதனால என்ன? மனுஷனே நாலு ஊர் போய் வந்தாத்தான் மரியாதை. பலகாரத்துக்கு மட்டும் வேற நியாயமா?"

எல்லாத் தலைகளும் ஆடின. உள்ளூர் மஞ்சூக்களை ஓர் இரவு மலையில் தங்கவைத்து அழைத்து வர நிதி ஒதுக்குமாறு அன்றே மேலிடத்துக்குப் பரிந்துரை போயிற்று. வெள்ளிக்கிழமை விடுப்பும் கிடைத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்ஸியில் வரும்போது இசோபே நடந்ததையெல்லாம் சொன்னார். பெட்டியைக் கவிழ்த்த இடம் வந்ததும் ஷினோபு தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, போதுங்க, வயிறு வலிக்குது. பைத்தியக்காரக் கூட்டம்! இதுங்களுக்கெல்லாம் சம்பளம் வேற."

"அதைத்தான் நானும் நெனச்சேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விரல்விட்டு எதையோ எண்ணத் தொடங்கினாள்.

"ஏங்க, தபால் ஆபீஸ்ல நாங்க பதினாலு பேரு. இத்தனை நாள் படுத்திருந்துட்டு எந்த மூஞ்சியோட உள்ள போறது? அந்த மலை பஸ்ஸு காலையில எத்தனை மணிக்கு?"