எட்டாவது போல்ட்டும் தாய்மாமன் கையும்

என் அக்காள் பெற்றெடுத்த ஒரே செல்வமும், நூற்று நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே எதையும் வாழ்க்கை என்றே ஒப்புக்கொள்ளாதவனுமாகிய அருமை மருமகனுக்கு, உன் தாய்மாமன் இடது கையால் எழுதிக்கொள்வது. இங்கே உன் அத்தை சௌக்கியம். உன் கார் சௌக்கியம். இந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறானே, அவன் எப்படி இருக்கிறான் என்று தெரிய வேண்டுமானால் கடிதத்தைக் கடைசிவரை படி. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், நேரில் சொன்னால் முறைப்பாய். காகிதத்திடம் உன் பாச்சா பலிக்காது. உன் அம்மா மத்தியான பஸ்ஸில் உன்னைப் பார்க்க வருகிறாள் அல்லவா, அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நீ பயிற்சிக்கென்று வெளியூர் கிளம்பிய அன்று சாவியை என் உள்ளங்கையில் வைத்து என்ன சொன்னாய் என்பது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போட்டி, இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த இடம், இதை விட்டால் இன்னும் இரண்டு வருஷம், சனிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்குவேன், அதற்குள் பெட்டியில் இருக்கும் புதுப் புகைக்குழாயை, அந்த ஹெட்டரை, நம் தெரு மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிவையுங்கள் என்றாய். அதோடு வாயை மூடியிருக்கலாம். "நீங்க மட்டும் கை வச்சிராதீங்க மாமா" என்று ஒரு வார்த்தை சேர்த்தாய் பார், அங்கேதான் வந்தது வினை. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டு கிடந்திருப்பேன். ஆகவே இதற்கு மேல் நடந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பு நீதான் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே படி. நேற்றும் முந்தாநாளும் போனில், "மெக்கானிக்கிட்ட குடுத்தாச்சு, வேலை நடக்குது" என்றேனே, அதில் இரண்டாம் பாதி சத்தியமான உண்மை.

முப்பத்தெட்டு வருஷம் குடிநீர் இலாகாவில் குழாய் பதித்தவன் நான். இந்த நகரத்தில் எவன் காலையில் முகம் கழுவினாலும் அந்த முகத்தில் பாதி எனக்குச் சொந்தம். பெட்டியைத் திறந்து பார்த்தேன். என்ஜினிலிருந்து நாலு குழாய் புறப்படுகிறது, நெளிகிறது, கடைசியில் ஒன்றாகச் சேர்ந்து புகையைப் பின்பக்கம் அனுப்புகிறது. தண்ணீருக்குப் பதில் புகை, அவ்வளவுதானே, இதற்கு ஒரு மெக்கானிக்கா என்று நினைத்தேன். பழைய குழாயைக் கழற்றவே இரண்டு நாள் ஆயிற்று. துரு என்றால் துரு, ஆதி மனிதன் முறுக்கிவிட்டுப் போன போல்ட்டுகள் அவை. எண்ணெய் விட்டு, ஊறவைத்து, தட்டி, கெஞ்சி, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒன்று தலை மழுங்கிப்போய், ஸ்பேனர் வழுக்கி, என் முழங்கை ரேடியேட்டரில் இடித்தபோது நான் சொன்ன வார்த்தையை உன் அத்தை இந்த வீட்டில் இதுவரை கேட்டதில்லையாம். கேட்டிருக்கிறாள், மறந்துவிட்டாள்.

பிறகு உன் புது ஹெட்டரை இறக்கினேன். எட்டு போல்ட். முன்பக்கம் ஏழும் பார்த்தால் தெரியும், கை போகும், ஸ்பேனர் திரும்பும். குழாய் பதிக்கிறவன் சுலபமான முனையில் ஆரம்பித்து, ஒவ்வொரு மூட்டையும் முழுசாக இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவான், இல்லாவிட்டால் ஒழுகும். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். ஏழையும் மூச்சைப் பிடித்து இறுக்கினேன். எட்டாவது, என்ஜினுக்கும் ஸ்டீயரிங் பக்கத்துத் தகரச் சுவருக்கும் நடுவில், ஒரு பல்லி ஒருக்களித்துப் போகிற சந்தில் இருக்கிறது. எட்டாவது போல்ட், எட்டாத போல்ட் என்று வார்த்தை விளையாடக்கூட எனக்குத் தெம்பில்லை. கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியும், ஆனால் கை போனால் ஸ்பேனர் போகாது, ஸ்பேனர் போனால் கை போகாது. என்னிடமிருந்த நல்ல ரிங் ஸ்பேனரைப் பாதியாக அறுத்து, அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, வாத்துக் கழுத்து மாதிரி வளைத்தேன். அந்த போல்ட்டை மட்டும் நாற்பது தடவை கீழே போட்டிருப்பேன். சரி, பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அது தரைக்கு வராது, நடுவில் எங்கேயாவது உட்கார்ந்துகொள்ளும். நூலில் காந்தம் கட்டி மீன் பிடிக்கிற மாதிரி பிடித்தேன். உன் அத்தையின் பவுடர் கண்ணாடியை உள்ளே சாய்த்துவைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் இடது வலது மாறும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும், எனக்கும் தெரியும், என் மணிக்கட்டுக்குத்தான் தெரியவில்லை. அரைமணி நேரம் இறுக்குவதாக நினைத்துக்கொண்டு ஏழாவதைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கை உள்ளே மாட்டிக்கொண்டது. போனது போனதுதான், வரவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு வாத்தியார் வாசலில் வந்து நிற்கிறார். நான் பானெட்டுக்குள் குனிந்தபடியே, என்னமோ சும்மா சாய்ந்துகொண்டிருக்கிற மாதிரி அவரோடு பேசினேன். மழை வருமா என்றார், வராது என்றேன். மகளுக்கு வரன் பார்க்கிறேன் என்றார், நல்லது என்றேன். மாப்பிள்ளை வீட்டாரின் மூன்று தலைமுறையையும் சொல்லி முடித்துவிட்டு, "என்ன சார், ரொம்ப நேரமா அதுக்குள்ளயே கைய வச்சிருக்கீங்க" என்றார். என்ஜின் சூடு ஆறிவிட்டதா என்று பார்க்கிறேன் என்றேன். அந்த என்ஜின் ஓடி அஞ்சு நாள் ஆகிறது. அவர் போன பிறகு உன் அத்தை பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரை முழங்கையில் ஊற்றி, என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை. கை வந்தது, தோல் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது. அதனால்தான் இடது கை எழுத்து.

அவள் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சத்தம் போடாமல் சொன்னாள். "அவன் ரெண்டு வருஷமா இந்த ஒரு நாளைத்தான் எண்ணிக்கிட்டிருக்கான். உங்க வீம்புக்கு அத பலி குடுக்காதீங்க."  எழுந்து, ஐந்து வீடு தாண்டி இருக்கிற மெக்கானிக்கிடம், ஐந்து நாள் நடக்காத அந்தத் தூரத்தை நடந்தேன்.

உன் மெக்கானிக்குக்கு வாயில் என்ன குறையோ, ஒரு நாளைக்கு ஆறு வார்த்தைதான் பேசுவான் போல. வந்தான், குனிந்தான், டார்ச் அடித்தான். எட்டாவது துவாரத்தைக் காட்டினான். ஹெட்டரின் ஓட்டையும் என்ஜினின் ஓட்டையும் ஒன்றுக்கொன்று பிறை மாதிரி விலகி நிற்கின்றன. ஏழையும் முன்னாலேயே இறுக்கிவிட்டதால் குழாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதாம். நான் ஸ்பேனரை மட்டுமல்ல, என் முதுகெலும்பையே காய்ச்சி வளைத்திருந்தாலும் அந்த போல்ட் மரை ஏறியிருக்காது. "எல்லாத்தையும் கழட்டுங்க" என்றான். எல்லாத்தையுமா என்றேன். பதில் இல்லை, அன்றைய கணக்கு தீர்ந்துவிட்டது.

கழற்றினேன். அவன் என்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியைக் கொடுத்து, ஒரு பக்கத்துத் தாங்கு போல்ட்டைத் தளர்த்தி, மொத்த என்ஜினையும் இரண்டு விரல்கடை முன்னால் சாய்த்தான். அந்தப் பல்லிச் சந்து இப்போது ராஜபாட்டை. போல்ட்டின் தலையில் கொஞ்சம் கிரீஸ் தடவி சாக்கெட்டுக்குள் ஒட்டவைத்து, கழுத்து திரும்புகிற நீளக் கம்பியின் முனையில் மாட்டி என் கையில் கொடுத்தான். கஷ்டமானது முதலில், விரலால் மட்டும், நாலு சுற்று. அப்புறம் மற்ற ஏழும் அதே மாதிரி தொளதொளவென்று. எட்டும் குடியேறிய பிறகுதான், நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. இவ்வளவுதான் வித்தை. எட்டாவது போல்ட் இடறாமல் சர்ரென்று மரை ஏறினபோது, டேய், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் பட்டிருக்கும் என்று உன் அத்தையிடம் சொன்னேன்.

இன்று காலையில் ஸ்டார்ட் பண்ணினோம். தெருவில் மூன்று நாய் எழுந்து நின்றது. ஒரு சொட்டுப் புகை மூட்டில் கசியவில்லை. ஆக, உன்னிடம் பொய் சொன்னது தப்பு, கை வைத்தது தப்பு, வேலை முடிந்தது மட்டும் நிஜம். திட்டுவதானால் போட்டி முடிந்த பிறகு திட்டு, அதுவரை தெம்பைச் சேர்த்துவை. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, எதிரே வருகிறவனும் ஒரு தாய்க்குப் பிள்ளை என்று நினைத்து ஓட்டு. நீ நீடூழி வாழ வேண்டும், உன் கார் அதைவிட ஒரு வருஷம் அதிகமாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அன்பு மாமன்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உன் போன் வந்தது, உன் அத்தை எடுத்தாள். போட்டி விதிமுறைகளை இப்போதுதான் முழுசாகப் படித்தாயாம், நீ சேர்ந்திருக்கிற பிரிவில் காரோடு வந்த கம்பெனிக் குழாய்தான் இருக்க வேண்டுமாம், புதுசு மாட்டியிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம், மெக்கானிக் இன்னும் பழசைக் கழற்றவில்லை என்றால் மாமாவை நிறுத்தச் சொல்லு என்றாயாம். அத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கழட்டவே இல்லப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள். உன் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், வேறு கடிதம் எழுத நேரமுமில்லை, விரலுமில்லை. ஆகவே மேலே எழுதியிருப்பதெல்லாம் வெறும் கற்பனை. ஹெட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பழைய குழாய் காரிலேயே இருக்கிறது. சனிக்கிழமை நீ வரும்போது பானெட்டைத் திறந்து பார்த்துக்கொள். சாயங்காலம் என்றாய் அல்லவா, சாயங்காலமே வா. பஸ் டிரைவரைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்.