வயிற்றைக் காயப் போட்ட கதை

ஒளித்து என்ன? நான் ஒருநாள் என் வயிற்றை வெயிலில் காயப் போட்டவன். மிளகாய் காயப் போடுவார்கள், பனங்கிழங்கைப் பிளந்து ஒடியல் காயப் போடுவார்கள். வயிற்றைக் காயப் போட்ட ஆள் இந்த அனலைதீவில் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

என் மனுசி பரமேசு, மகளின் பிள்ளைப்பேறு பார்க்கக் கனடாவுக்குப் போய் இரண்டு வருசம் தாண்டியிருந்தது. "ஆறு மாசத்தில வந்திடுவன்" என்றுதான் வள்ளம் ஏறினாள். பிறகு குளிர் என்றார்கள், பேரனுக்குச் சளி என்றார்கள். நான் இலங்கையின் தெற்கில் கடை வைத்திருந்த காலத்தில் வருசத்துக்கு இரண்டு தரம்தான் ஊருக்கு வருவேன். (கடையில் வெங்காயம், கருவாடு, செத்தல் மிளகாய் எல்லாம் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருக்கவில்லை.) அப்போது அவள் இங்கே தனிய எப்படி இருந்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பழக்கத்தில் இரண்டு கோப்பை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறபோதுதான் எனக்கு அது விளங்கியது.

சமையல் எனக்கு வராது. காலையும் பேக்கரிப் பாண், இரவும் அதே பாண். இடையில் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி.

அப்படியிருக்க, அடுத்த மாசம் வருவதாகப் பரமேசு போனில் சொன்னாள். சந்தோசத்தில் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். நின்றிருக்கக் கூடாது. வயிறு ஊதிக்கிடந்தது. நாலு எட்டு நடந்தால் களைப்பு. சாரத்துக்குள் ஒரே கடி, சொறிந்தபடிதான் இருப்பு. மற்ற விசயமும் (ஆம்பிளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, பொம்பிளைகளுக்குச் சொல்லக் கூடாது) சரியில்லை. இவ்வளவு கடல் தாண்டி வருகிறவள், என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பிளேன் ஏறிவிட்டால்?

பக்கத்து வளவுத் தவராசாவிடம் மட்டும் மெல்லச் சொன்னேன். அவன் உடனே போனைத் தட்டினான்.

"இந்தா கிடக்குது அண்ணை. குடலுக்குள்ள ஈஸ்ட் பெருகினா வயிறு ஊதுமாம், களைக்குமாம், கடிக்குமாம். ஆம்பிளையளின்ர சத்தையும் குறைக்கலாமாம்."

"ஈஸ்ட் எண்டா பாணுக்குப் போடுறதெல்லே?"

"ஓம், அதுவும் ஒண்டு. பூஞ்சணச் சாதி. சீனியும் பாணும்தான் அதுக்குத் தீனியாம்."

பூஞ்சணம்! அந்தச் சொல்லோடு என் மூளை நின்றுவிட்டது. (பள்ளிக்கூடம் போகிற வயதில் நண்டு பிடிக்கப் போனவன் நான்.) ஒடியலில் பூஞ்சணம் பிடித்தால் என்ன செய்வோம்? தட்டித் துடைத்து நல்ல வெயிலில் போடுவோம். பனங்கிழங்குக்குக் கேட்கிற வெயில் மனிசனுக்குக் கேட்காதா?

அடுத்தநாள் மத்தியானம் பின்வளவில் பாயை விரித்து மல்லாந்து கிடந்தேன். கடிக்கிற இடத்துக்கும் வெயில் படவேண்டும் என்று சாரத்தையும் தளர்த்திவிட்டேன். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போடுவதாக உத்தேசம். அதற்குள் நித்திரையாகிவிட்டேன். கனவில் பரமேசு வள்ளத்தால் இறங்கிக்கொண்டிருந்தாள்.

தவராசாவின் கத்தலில்தான் எழும்பினேன்.

"ஐயோ அண்ணை! இதென்ன கோலம்?"

நெஞ்சு தொடங்கித் தொடை வரைக்கும் அவித்த றால் மாதிரிச் சிவந்திருந்தேன்.

அடுத்த வள்ளத்தில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். சாரம் உடம்பில் படக்கூடாது. முன்பக்கத்தை இரண்டு கையாலும் குடைபோலப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனேன். ஒவ்வொரு துளி உப்புத்தண்ணி தெறிக்கிறபோதும் ஒவ்வொரு தெய்வத்தைக் கூப்பிட்டேன். தவராசா வள்ளத்தில் இருந்த எல்லாருக்கும் விளக்கம் கொடுத்தான்: "வயித்துக்குள்ள பூஞ்சணம். காயப் போட்டவர்."

டொக்டர் என் மகளின் வயதுப் பிள்ளை.

"என்ன ஐயா செய்தனீங்கள்?"

"காயப் போட்டனான், பிள்ளை."

அவள் பேனையைக் கடித்துக்கொண்டு கொஞ்சநேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு ஆறுதலாகச் சொன்னாள்: "ஐயா, ஈஸ்ட் எங்கள் எல்லாற்ற குடலுக்குள்ளயும் கொஞ்சம் இருக்கும். அது கூடித்தான் ஆம்பிளையளுக்கு இந்த வருத்தமெல்லாம் வருது எண்டு போனில கனக்க எழுதுவினம். உறுதியாச் சொல்லேலாது. சலரோகம், அதுதான் சீனி வருத்தம், இருந்தாலும் களைக்கும், தோலில பூஞ்சணம் பிடிச்சுக் கடிக்கும், மற்றப் பலவீனமும் வரும். முதல்ல இரத்தத்தைப் பாப்பம். வீட்டில ஆர் சமைக்கிறது?"

"அவ கனடாவில..." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

"எரியுதோ ஐயா?"

"ஓம் பிள்ளை," என்றேன்.

இரத்தத்தில் சீனி எக்கச்சக்கம். குளிசையும் பூச்சுமருந்துமாகத் திரும்பி வந்து சேர, போன் அடித்தது. செய்தி எனக்கு முன்னமே கனடா போய்விட்டது. பரமேசு எடுத்த எடுப்பிலேயே சிரித்தாள். போன் பழுதாகிவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"உதுக்கே வெயில்ல கிடந்தனீங்கள்?"

"நீர் வந்து, என்னைப் பாத்திட்டுத் திரும்பிப் போயிடுவீரோ எண்டு பயமாக் கிடந்தது."

சிரிப்பு நின்றது.

"விசரே உங்களுக்கு? இஞ்ச நான் ஆரோட இப்பிடிச் சிரிக்கிறது? எத்தினை நாளாச்சு."

சொன்ன மாசத்திலேயே வந்துவிட்டாள். வந்த அன்றே பாணை நிற்பாட்டினாள். இப்போது குரக்கன் புட்டும் கீரையும்தான். சீனி இறங்கிவிட்டது, கடி போய்விட்டது. (மற்றதை நீங்கள் கேட்கக் கூடாது.)

மகள் போன் எடுத்தால் சுகம் கேட்பதற்கு முன்னமே வெயில் எப்படி என்றுதான் கேட்பாள். பரமேசு அதையும் விஞ்சிவிட்டாள். நான் ஏதாவது அலுவலாய்ப் பின்வளவில் நின்றால், தவராசாவின் வளவுக்கும் கேட்கத்தக்கதாகக் குசினிக்குள் இருந்து கூப்பிடுவாள்:

"இஞ்சருங்கோ, உள்ளுக்கு வாங்கோ. நீங்கள் காய்ஞ்சது போதும்."