எட்டாம் வரிசையிலிருந்து அக்காவுக்கு

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் என் நலம் நான் பிறந்த அன்றிலிருந்தே ஆஸ்பத்திரி ஆய்வுக்காரர்களின் பொறுப்பில் இருப்பதாலும், இந்த ஆண்டுக்கான முடிவு அவர்களிடமிருந்து இன்னும் வராததாலும், அதைப் பற்றி நானாக ஒரு கருத்துச் சொல்வது மரியாதையாக இராது. உன் நலத்தைக் கேட்க வேண்டியதில்லை. நீ மேட்டுத் தெருவில் இருக்கிறாய். அத்தானுக்கு என் வணக்கம். அவருடைய புத்தக வெளியீட்டு அழைப்பிதழைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியதற்காக அவர் எனக்கு இன்னும் முகம் கொடுக்காமல் இருப்பதாகக் கேள்வி. ஆயுள் முழுக்கப் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்தியவன் கை சும்மா இருக்குமா என்று எடுத்துச் சொல்.

விஷயம் இதுதான். என் மகளுக்கு, அதாவது உன் மருமகளுக்கு, நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார். அவர் கரைக்கு வரும்போது பிள்ளை நடக்கும். அவளை உன் வீட்டில் ஒரு மூன்று மாதம் வைத்துக்கொள்ள வேண்டும். பிரசவத்துக்கு உன் வீட்டிலிருந்தே புறப்பட வேண்டும். முகவரி என்ன என்று கேட்டால் மேட்டுத் தெரு என்று சொல்ல வேண்டும். நான் வாசற்படி மிதிக்க மாட்டேன். மூன்று மாதம் முடிந்ததும் நானே வண்டி அனுப்பி அழைத்துக்கொள்வேன்.

ஏன் என்று கேட்பாய். நீ நாலு வருஷம் முந்திப் பிறந்து தப்பித்துக்கொண்டவள், உனக்கு முழுதாகத் தெரியாது. நான் பிறந்த வாரத்தில் இந்த ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் கடைசிவரை அளந்து பார்ப்பது என்று ஒரு டாக்டர் முடிவெடுத்தார். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, அளப்பது மட்டும் நிற்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை பழைய கட்டடத்தின் கூடத்தில் எங்களை உட்கார வைத்து உயரம், எடை, ரத்தம், எச்சில், பிடி பலம் எல்லாம் எடுக்கிறார்கள். சின்ன வயதில் ஆஸ்பத்திரி வேன் மேட்டுத் தெருவில் தொடங்கிச் சாயப்பட்டறைத் தெருவில் முடியும்படி எங்களை ஏற்றிக்கொண்டு வந்தது; ஏறிய வரிசையிலேயே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த வரிசை இன்றுவரை மாறவில்லை. உட்காரும் இடத்தை மாற்றினால் போன ஆண்டு அளவோடு இந்த ஆண்டு அளவு ஒட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே முன் வரிசை மேடு, பின் வரிசை பட்டறை, நம் வீட்டுக்கு எட்டாம் வரிசை.

எங்களில் ஒருவர் இறந்தால் நாற்காலியை எடுப்பதில்லை, அக்கா. இறந்தவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் மிச்சமிருப்பவர்கள் எல்லாம் திடகாத்திரமாகத் தெரிவார்கள், ஊரே ஆரோக்கியமாக இருக்கிறது என்று அறிக்கை வந்துவிடும் என்கிறார்கள். நியாயம்தான். அதனால் அந்த நாற்காலிக்கு வெள்ளை உறை போட்டுவிடுகிறார்கள். நர்ஸம்மா எண்ணைக் கூப்பிடும்போது உறை போட்ட நாற்காலியின் எண்ணையும் கூப்பிட்டு, பதில் வரும் அளவுக்கு நிறுத்தி, “சரி” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். தலைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் என்று அனுமதி வாங்கியிருப்பதால் அந்த நாற்காலிகளிலும் பொட்டலம் வைக்கப்படுகிறது. போன ஆண்டு ஒன்று பிரிந்து கிடந்தது. காட்டினேன். “எலி சார்” என்றார்கள். எலி இவ்வளவு நேர்த்தியாக ஓரத்தைக் கிழிக்குமா என்று கேட்டேன். பழைய கட்டடம், எல்லாம் நடக்கும் என்றார்கள்.

வெள்ளை பின்னாலிருந்து வருகிறது. முதலில் கடைசி வரிசை முழுக்க. பிறகு அதற்கு முந்தியது. முன் வரிசையில் ஒருவரும் குறையவில்லை, அவர்கள் வாயில் ஒரு பல்லும் குறையவில்லை. இந்த ஆண்டு எனக்கு நேர் பின்னால் இருந்த நாற்காலிக்கும் உறை வந்துவிட்டது. பட்டறையில் துணி அலசிக்கொண்டிருந்த மனிதர், நாங்கள் தும்மல் என்று கூப்பிடுவோம். சிறு வயதிலிருந்து என் பிடரியில் தும்முவதை ஒரு கடமையாகவே செய்துவந்தவர். இந்த முறை தும்மல் இல்லாமல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா அவர் எண்ணைக் கூப்பிட்டு நிறுத்தினார். என் பிடரியில் ஈரமாக ஒரு காற்று. கைக்குட்டையால் துடைத்தால் நனைந்திருக்கிறது. சொன்னேன். மேலே இருக்கும் ஏசி ஒழுகுகிறது என்றார்கள். நிமிர்ந்து பார்த்தேன், ஏசி இருக்கத்தான் செய்தது. எதைக் கேட்டாலும் இவர்களிடம் ஒரு விளக்கம் இருக்கிறது.

அப்போதுதான் இடத்தை மாற்றிக்கொள்வது என்று தீர்மானித்தேன். இடைவேளையில் முன் வரிசைக்குப் போய், ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் காதில், “ஐயா, என் நாற்காலி கதவுப் பக்கம். உங்களுக்கு வேணுமா?” என்றேன். “அடடா, கேட்டதே புண்ணியம்! நான் அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கு, இவங்க எல்லாரும் என்னையே பார்க்கறாங்க” என்று சொல்லி, தீர்ப்பு எழுதாமலேயே எழுந்து போனார். நான் முன் வரிசையில் உட்கார்ந்தேன். அங்கே வெளிச்சமே வேறு. நர்ஸம்மா முகத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து அளப்பவர், நீதிபதியின் ரத்த அழுத்தம் என்று என்னுடையதை எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர், “என்ன சார், இந்த வருஷம் ரொம்ப இளைச்சுட்டீங்க?” என்றார். “நடக்கறேன்” என்றேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் நீதிபதிக்கு மார்பு அடைத்துக்கொண்டது. மறுநாள் கேள்விப்பட்டேன். நாற்காலி வேலையைக் காட்டிவிட்டது, ஆளைத்தான் மாற்றிவிட்டோம் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனால், அவர் நாயை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்துகொண்டிருக்கிறார்! போன் செய்து கீழே வைப்பதற்குள் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டதாம், பெரிய டாக்டர் பக்கத்து வீடாம். தும்மலுக்கும் அதே அடைப்புத்தான், அக்கா. சந்துக்குள் வண்டி திரும்பாது, மெயின் ரோடுவரை வந்து நில்லுங்கள் என்று சொன்னார்களாம். அவரும் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்திருக்கிறார்.

நேரே ஆஸ்பத்திரி ஆய்வாளரிடம் போனேன். என் மகள் வயதுப் பெண், நல்ல மாதிரி. நாற்காலி விவகாரத்தைச் சொன்னேன். “சார், நாற்காலி யாரையும் கொல்லாது” என்றது.

“அப்போ ரத்தமா? மரபணு மரபணுங்கறீங்களே, அதுவா?”

“எல்லார் எச்சிலையும் பார்த்தாச்சு சார். உங்களை இப்படி வரிசை வரிசையா பிரிச்சுக் காட்டற அளவுக்கு அதுல ஒண்ணும் தெரியல.”

“பின்னே எதும்மா?”

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்தது. அங்கிருந்து பார்த்தால் மேடு தொடங்கிப் பட்டறைப் புகை வரைக்கும் தெரியும். “நீங்க பிறந்தப்போ உங்க அம்மா எந்தத் தெருவுல இருந்தாங்களோ, அது சொல்ற மாதிரி வேற எதுவும் சொல்லல சார்.”

“அப்போ பிறக்கும்போதே தெருவை மாத்திட்டா?”

“ரொம்ப நல்ல கேள்வி சார்.” படித்தவர்கள் அப்படிச் சொன்னால் பதில் இல்லை என்று அர்த்தம்.

எழுந்து வரும்போதுதான் கூடத்தின் மூலையில் அந்தக் குட்டி நாற்காலிகளைப் பார்த்தேன். முழங்கால் உயரம், புது பெயிண்ட் வாசனை. என்ன என்று கேட்டேன். அடுத்த மாதம் பிறக்கப்போகிற பிள்ளைகளைக் கொண்டு புதிதாக ஒரு கூட்டம் சேர்க்கிறார்களாம். அடுத்த மாதம் என்றால் யார் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்காலிகளுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி மடித்து அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்து விரித்தேன். உறை, அக்கா. அதே குட்டி அளவுக்குத் தைத்த உறை. “இது எதுக்கும்மா இப்பவே?” என்றேன். “டெண்டர்ல நாற்காலியோட சேர்த்தே வந்துடும் சார், பின்னாடி தனியா வாங்க முடியாது.” “நாற்காலி நிறைய இருக்கு, உறை கம்மியா இருக்கே?” அந்தப் பெண் கொஞ்சம் சங்கடப்பட்டது. “பின் வரிசைகளுக்கு மட்டும்தான் இப்போ தைச்சிருக்காங்க. முன் வரிசைக்கு அவசரமில்லையாம்.” மடித்து வைத்துவிட்டு வந்தேன். தையல் நன்றாகத்தான் இருந்தது, ஒரு பிழை சொல்ல முடியாது.

அதனால்தான் எழுதுகிறேன். உன் வீட்டு மாடி அறை சும்மாதானே கிடக்கிறது. அத்தானின் விற்காத புத்தகக் கட்டுகளை ஓரமாகத் தள்ளினால் ஒரு கட்டில் போடலாம். அவள் அதிகம் பேசமாட்டாள், பேசினாலும் என்னைப் பற்றித்தான் குறை சொல்வாள், உங்கள் இருவருக்கும் பொழுது போகும். அந்தப் பிள்ளை முன் வரிசையில் உட்கார வேண்டும். எனக்கு இந்த ஊரிடம் கேட்பதற்கு வேறொன்றும் இல்லை. மூன்று மாதம், அவ்வளவுதான்.

அத்தானுக்கு மறுபடியும் வணக்கம். உன் வீட்டுப் பூனைக்கு என் விசாரிப்பு. மூத்தவளான உன் ஆசி அவளுக்கும் உள்ளே இருப்பதற்கும் வேண்டும். எனக்கும் மிச்சமிருந்தால் கொஞ்சம்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் மருமகள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். “என்னப்பா நீங்க, நர்ஸம்மா போன மாசமே வீட்டுக்கு வந்து என்னைச் சேர்த்துட்டுப் போயாச்சு” என்கிறாள். எந்தத் தெருவைச் சொன்னாய் என்று கத்தினேன். “பிள்ளை எந்தத் தெருவுல பிறக்கும்னு அவங்க கேட்கவே இல்லப்பா. நீங்க எந்தத் தெருவுல பிறந்தீங்கன்னுதான் கேட்டாங்க. பாட்டி எவ்வளவு உயரம், நீங்க வயித்துல இருந்தப்போ பாட்டி பட்டறையில எந்த வேலை பார்த்தாங்க, அதெல்லாம் கேட்டாங்க. தெரிஞ்சதைச் சொன்னேன்.” பாட்டி என்று அவள் சொல்வது உனக்கும் அம்மாதான் என்பதை நான் எழுத விரும்பவில்லை. நர்ஸம்மா கிளம்பும்போது இவளிடம் விடைபெறவில்லையாம். வயிற்றுக்கு நேரே குனிந்து, “அப்போ கூடத்துல பார்க்கலாம்” என்றாராம். அதுவரை உதைத்துக்கொண்டிருந்தது, கூப்பிட்ட குரலுக்குக் காது கொடுப்பதுபோல அப்படியே நின்றுவிட்டதாம். நேற்று மறுபடி உதைத்தது, கவலைப்படாதே. ஆய்வாளர் பெண்ணுக்குப் போன் செய்து, ஒரு தெரு உடம்பைவிட்டுப் போக எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். இந்த முறை நல்ல கேள்வி என்று சொல்லவில்லை, பதிலே சொல்லிவிட்டது. ஆகவே மேலே ‘மூன்று மாதம்’ என்று எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் ‘மூன்று தலைமுறை’ என்று திருத்தி வாசிக்கவும். வாசற்படி மிதிக்க மாட்டேன் என்ற வாக்கியத்தை அடித்துவிடவும். அத்தானிடம் பக்குவமாகச் சொல். வண்டி பிடித்தாயிற்று, சாமான்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன.