வலது தோளில் ஆமை

சூடு போட்டுக்கொள்வதைப் பெருமையாக நினைக்கிற குடும்பம் எங்களுடையது. வைணவர்களிடையே சமாஸ்ரயணம் என்று ஒரு சடங்கு உண்டு. ஆசாரியர் சங்கு, சக்கர முத்திரைகளை ஹோம நெருப்பில் காய்ச்சி நம் தோள்களில் ஒற்றி எடுப்பார். இடது தோளில் சங்கு, வலது தோளில் சக்கரம். அது ஆனவர்கள் கையால் சமைத்ததைத்தான் என் அம்மா சாப்பிடுவாள். எனக்கு இடது தோளில் ஒன்றும் இல்லை. வலது தோளில் ஆமை இருந்தது.

பச்சை ஆமை. கல்லூரி முடித்த வருடம் தோழிகளோடு மாமல்லபுரம் போனவள், அலையில் நனைந்த தைரியத்தில் ஒரு டாட்டூ கடைக்குள் நுழைந்தேன். மற்றவர்கள் பட்டாம்பூச்சி, ரோஜா என்று அடக்கமாகக் கேட்டார்கள். நான் ஆமை கேட்டேன். ஏன் ஆமை என்று இன்றுவரை எனக்கே தெரியாது. (புத்தி இருந்திருந்தால் உள்ளேயே போயிருக்க மாட்டேனே.) அன்று காசு அளவில் இருந்தது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, என் தோள் பருக்கப் பருக்க அதுவும் வளர்ந்து மினி இட்லி அளவுக்கு வந்துவிட்டது.

அதை மறைக்கத்தான் சமாஸ்ரயணத்தைத் தள்ளிக்கொண்டே வந்தேன். பேங்க் பரீட்சை என்றேன், ஜுரம் என்றேன், கடைசியில் "சூடுன்னா பயமா இருக்கும்மா" என்றேன். அம்மா நம்பினாள். என் கணவர் முரளிக்கு மட்டும் ஆமையைத் தெரியும். வீட்டில் எது ரிப்பேரானாலும், "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சும்மாவா சொன்னா?" என்பார்.

சிங்கப்பெருமாள் கோயிலில் தனியாக இருந்து தானே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா, ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அடுப்படியில் அவளால் நிற்க முடியாது. நான் சமைத்தால் தொடமாட்டாள். சமாஸ்ரயணம் ஆன சமையல் மாமி ஒருத்தி கிடைத்தாள். அவளும் பேரன் பிறந்தான் என்று பெங்களூர் போய்விட்டாள். பால், பழம், ஊறவைத்த அவல். அவ்வளவுதான்.

"பட்டினி கிடந்து என்னைப் பழி வாங்கறியா?" என்று கத்தினேன்.

"பட்டினி எங்கே? பால் குடிக்கறேனே" என்றாள், கொஞ்சமும் கோபமில்லாமல். "நீ சமாஸ்ரயணம் பண்ணிக்கோ. வயிறார சாப்பிடறேன்."

எலும்பு டாக்டர், சாப்பிடாவிட்டால் எலும்பு ஒன்றுசேராது என்று சொல்லிவிட்டார். முதலில் அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்க நானும் முரளியும் வேண்டியிருந்தது. பிறகு நான் ஒருத்தியே போதும் என்றாயிற்று. அப்படித் தனியாகத் தூக்கிய அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த மாதம் சிங்கப்பெருமாள் கோயிலில் உறவினர் வீட்டுக்கு ஆசாரியர் வருவதாகச் செய்தி வந்தது. அதற்குள் ஆமை போக வேண்டும். ஆசாரியர் முன்னால் ஆமையோடு நிற்பதா? அது அம்மா காதுக்குப் போனால், பாலையும் நிறுத்திவிடுவாளோ என்று பயந்தேன்.

தோல் டாக்டரம்மா கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு லேசரை வைத்தார். காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்துத் தோளில் தெறிப்பது போல இருந்தது. அடுப்பை அணைக்கத்தான் வழியில்லை. ரோமம் பொசுங்குகிற வாசனை வேறு.

"பச்சை கலர் சீக்கிரம் போகாதுங்க. ஏழெட்டு தடவையாவது வரணும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒன்றரை மாசம் விடணும்" என்றார்.

கண்ணாடியில் பார்த்தேன். ஆமை சற்று வெளிறி, ஜுரத்தில் படுத்தது போல இருந்தது. போகிற உத்தேசம் அதற்கு இல்லை.

பொறுமை இருந்தால் நான் நானாக இருப்பேனா? திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி மாமல்லபுரத்தில் இறங்கினேன். கடை அதே இடத்தில் இருந்தது. ஆளும் அவனேதான், தாடி மட்டும் நரைத்திருந்தது.

"இன்னாக்கா, நம்ம கை வேலை மாதிரி கீதே" என்று தோளைத் தடவிப் பார்த்தான். "சூப்பரா கீது. இத்தப் போயி ஏன் அழிக்கிற?"

"அழிக்கணும். சீக்கிரம்."

"லேசருக்குப் போனா வருசம் பூரா நடந்துகினே இருக்கணும். நம்மகிட்ட ஒரு மருந்து கீது. ராவுல தடவிக்கினு படு. தோலோட வந்துடும்."

"தோலோடயா?"

"புதுத் தோலு வந்துடும்க்கா. ஒரு பேஜாரும் இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை. தோலோடுதான் வந்தது. விடிவதற்குள் தலையணையைக் கடித்துக் கிழித்திருந்தேன். சில நாளில் சீழ் பிடித்து, கையைத் தூக்க முடியாமல், டாக்டரம்மாவிடமே போய் நின்றேன். "கண்டதைத் தடவிக்க உங்களுக்கு என்ன சின்ன வயசா?" என்று கேட்டபடி அவர் அழுகின தோலைச் சுரண்டினார். 

ஆசாரியர் வந்த அன்று மடிசார் கட்டிக்கொண்டு, தோளில் மருந்துக் கட்டோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. ரவிக்கைக் கையை ஏற்றினேன்.

"என்னம்மா இது?"

"எண்ணெய் தெறிச்சுடுத்து சுவாமி."

அவர் கட்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இந்தத் தோள்ல நெருப்பை வைக்க எனக்கு மனசு வரலே. ஆறட்டும். அடுத்த வருஷம் வரச்சே பண்ணிக்கலாம்."

சூடு போட வந்த பெரியவர், ஐயோ வெந்திருக்கிறதே என்று இரக்கப்பட்டுத் திருப்பி அனுப்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அடுத்த வருஷம். அதுவரை அம்மா இருப்பாளா என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவில் வீடு வந்தேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "ஆயிடுத்தா?"

நான் கட்டிலோரம் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன். இனி மறைக்கத் தெம்பில்லை. சிவந்து கிடந்த புண்ணின் ஓரத்தில், ஆசாரியர் கண்ணுக்குத் தப்பிய ஆமைத்தலையும் ஒரு காலும் மட்டும் மிச்சம் இருந்தன. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எப்போ குத்திண்டே?"

"கல்யாணத்துக்கு முன்னாடி." ஒரு கடைசி முயற்சியாக, "கூர்மாவதாரம்தானேம்மா" என்றேன்.

"கூர்மாவதாரம் மலையையே தாங்கித்து. இது உன் தோளை அழுக வச்சிருக்கு" என்றாள். பிறகு, "இத்தனை நாள் இருந்ததை இப்போ என்னத்துக்கு எடுத்தே?"

"நீ சாப்பிடணும்னுதான்."

அம்மா கையை நீட்டினாள். புண்ணுக்குக் கீழே, வலிக்காத இடத்தில் விரலை வைத்தாள். அந்த விரலில் எலும்புதான் இருந்தது.

"நெருப்பு பட்டதோன்னோ?"

"நெருப்பு இல்லம்மா, ஆசிட்" என்றேன். (அந்த நேரத்திலும் திருத்தம். என்னை என்ன செய்வது?)

"எரிஞ்சதா, இல்லியா?"

"எரிஞ்சது."

"அப்போ போய்க் குழைய சாதம் வடி. மிளகு ரசம் வை. பசிக்கறது."

ஒரு கையால் சமைத்தேன். சாதம் அடிப்பிடித்தது. ரசத்தில் உப்பு போட மறந்தேன். அம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உப்பில்லை" என்றாள். முரளி சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்தினார்.

அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்திலிருந்து பெரியம்மா போன் பண்ணினாள். பெண்ணுக்குச் சமாஸ்ரயணம் ஆயிற்றா என்று கேட்டிருக்க வேண்டும். வாழ்நாளில் பொய்யே சொல்லாத என் அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆச்சு ஆச்சு. ரொம்ப ஆழமா பதிஞ்சுடுத்து."

மறு வருஷம் முறைப்படியும் பண்ணிக்கொண்டேன். புண் ஆறிய தழும்புக்கு மேலே சக்கரம் வைத்தார்கள். அது லேசாகத்தான் பதிந்தது, தேடினால்தான் தெரியும். தழும்பும் ஆமைத்தலையும் அப்படியே இருக்கின்றன.

அம்மா வாக்கர் பிடித்து நடந்தாள்; சில வருஷம் என் கையால் சாப்பிட்டு, தினமும் குறை சொல்லி, பிறகு போய்ச் சேர்ந்தாள். இப்போதும் எங்கள் வீட்டில் பால் அடிப்பிடித்தால் முரளி பாத்திரத்தை எட்டிப் பார்த்து, "ரொம்ப ஆழமா பதிஞ்சுடுத்து" என்பார். நான் சிரித்துக்கொண்டே தேய்ப்பேன். சில நாள் சிரிக்க முடியாது, தேய்ப்பதோடு சரி.